பன்னிரண்டு பேணிக் கூழ்

வீட்டிலே நடக்கும் கல்வியைப் பற்றி இந்த இலக்கியத் தொடரிலே பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டபோது நான் யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பொருளிலே என்னிடம் ஏற்கெனவே ஒரு பேச்சு தயாராக இருந்தது. பரிசளிப்பு விழாக்களிலும், பெற்றார் கூட்டங்களிலும், ஒருமுறை கலியாண வீட்டு விருந்திலும்கூட அதைப் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சிலே ஒரு கணக்குப் பிழை இருந்தது. கணிதம் படிப்பிக்கிற எனக்கு அது இருபத்தைந்து வருடமாகத் தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளை ஒன்று கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிழையைத் திருத்திச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன். முதலில் பழைய பேச்சைச் சொல்லவேண்டும். அப்போதுதான் பிழை எங்கே என்பது உங்களுக்கும் விளங்கும்.

எங்கள் வீடு வலிகாமத்திலே இருந்தது. 1990ஆம் ஆண்டு யுத்தம் மறுபடி மூண்டதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுவிட்டது. அப்போது எனக்கு எட்டு வயது. அதன் பிறகு நான் படித்ததெல்லாம் ஜாம் போத்தல் விளக்கிலேதான். போத்தலின் அடியிலே பஞ்சை வைத்து, அது நனையுமட்டும் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு சின்னத் திரியை ஏற்றி எரிக்கிற சிக்கன விளக்கு அது. போத்தலே சிமினியாகவும் நின்றுகொள்ளும். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு வீட்டுக்கு ஒரு விளக்கு ஏற்றுவதே பெரும்பாடு. அந்த ஒரு விளக்கும் குசினியிலே இருந்தது; சமைக்க வேண்டும் அல்லவா? ஆகவே படிக்க வேண்டியவர்களும் குசினிக்கே போனோம். எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடம் அப்படித்தான் தொடங்கியது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியை என் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டே வாய்ப்பாடு கேட்பாள். நீத்துப்பெட்டியிலே ஆவி வருமட்டும் எனக்கு அவகாசம். ஆவி வந்து புட்டு அவிந்த பிறகும் ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை என்றால், சம்பல் எனக்குக் கடைசியாகத்தான் வரும். இதைப் பெரிய தண்டனையாக நினைக்காதீர்கள். சூடான புட்டுக்குச் சம்பல் இல்லாமல் காத்திருந்து பார்த்தவர்களுக்கு அதன் கொடுமை தெரியும்.

1995ஆம் ஆண்டு ஐப்பசி முடிய முன், ஒக்டோபர் 30ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே எழுந்து நடந்த கதையை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. அதைப் பட்டவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். படாதவர்களுக்காக மற்றவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தை ஒரு காலுக்குப் பின் மறுகாலாகக் கடந்தோம். அப்பாவின் சைக்கிளிலே ஆச்சி இருந்தா. கைப்பிடியிலே ஒரு பானையும், பானைக்குள்ளே அக்காவின் புத்தகங்களும் தொங்கின. அந்த டிசம்பரிலே அக்கா க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எடுக்க இருந்தவள். அவளுக்குப் பதினாறு வயது.

தென்மராட்சியிலே, மீசாலையில் ஒருவருடைய வளவிலே எங்களுக்கு ஒரு கொட்டில் கிடைத்தது. கிடுகுக் கூரை, மண்தரை, மூன்று கல் வைத்த அடுப்பு. அம்மா, அப்பா, அப்பு, ஆச்சி, பெரியம்மா, அக்கா, நான், தம்பி என்று எட்டுப் பேர். அயலிலிருந்த பாடசாலைகளிலே எங்களைப் போல வந்தவர்கள் தங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அக்கா ஒரு பழைய தகரத்தை அடுப்புக்குப் பக்கத்திலே நிமிர்த்தி வைத்து, கரித்துண்டால் அதிலே திகதியை எழுதினாள். திகதிக்குக் கீழே 'கணிதம்' என்று எழுதி ஒரு கோடு இழுத்தாள். "இரு" என்றாள். இருந்தேன்.

நேயர்களே, அந்த ஆறு மாதத்திலே நான் படித்த அளவுக்கு வேறெந்த ஆறு மாதத்திலும் படித்ததில்லை. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பின்னங்களை நான் விளங்கிக்கொண்டது பனங்கிழங்கிலே. தை மாதம் வளவுக்காரர் தம் கிழங்குப் பாத்தியைக் கிண்டினார். தோலுரித்து, வார்ந்து, காயவைத்துக் கொடுத்தால் எங்களுக்கும் ஒரு பங்கு என்பது பேச்சு. மலையகத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து கேட்கிற சில நேயர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். பனங்கொட்டையைப் பாத்தியிலே புதைத்தால் முளைத்துக் கீழே இறங்குவது பனங்கிழங்கு. அதைப் பச்சையாக இரண்டாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்த பிறகு காயவைத்தால் புழுக்கொடியல். புழுக்கொடியலை அப்படியே சப்பலாம். தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் இருந்தால் வேறொன்றும் வேண்டாம். ஒடியலை இடித்து மாவாக்கிப் புட்டவிக்கலாம், கூழ் காய்ச்சலாம்.

அக்கா கிழங்கை எண்ணிக்கொண்டு கேட்பாள்: "நூற்றியிருபது கிழங்கு. மூண்டிலை ஒரு பங்கு எங்களுக்கு. எங்கடை பங்கிலை பாதியை அவிச்சால், ஒடியலுக்கு எத்தினை கிழங்கு? அதை வார்ந்தால் எத்தினை துண்டு?" விடை சொன்ன பிறகுதான் கத்தியைத் தருவாள்.

ஒடியல் மாவுக்கு ஒரு கசப்பு உண்டு. கூழுக்கு முன்னே மாவைத் தண்ணீரிலே ஊறவைத்து, மா அடியிலே படிந்ததும் மேலே நிற்கும் தண்ணீரைச் சரித்து ஊற்றவேண்டும். மறுபடியும் தண்ணீர் விட்டு மறுபடியும் ஊற்றவேண்டும். "இதுக்குப் புத்தகத்திலை என்ன பேர்?" என்பாள். "தெளிய வைத்து இறுத்தல்." "கரைஞ்சு போனது என்ன, கரையாமல் கிடக்கிறது என்ன?" சிரட்டை அகப்பையின் பிடியைத் தொடவிட்டு, பக்கத்திலே கிடக்கும் அலுமினியக் கரண்டியையும் தொடவிட்டுக் கேட்பாள்: "ஏன் உது சுடுது, இது சுடேல்லை?" என் கையிலே ஏறிய அந்தச் சூடுதான் எனக்கு வெப்பக் கடத்தல். பின்னாளிலே பல்கலைக்கழகத்தில் அதற்குரிய சமன்பாட்டைப் படித்தபோதும் எனக்கு முன்னால் அந்தக் கரண்டிதான் நின்றது.

தமிழும் அங்கேதான் நடந்தது. தம்பிக்கு ஏழு வயது. அவனுக்கு அக்கா நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். உங்களுக்கெல்லாம் தெரிந்த பாட்டு. நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்ற பிள்ளைகளின் மகிழ்ச்சியிலே தொடங்கி, கூழும் கொழுக்கட்டையுமாக விரிவது. தம்பி இரண்டு வரி சொல்லிவிட்டு நிறுத்தினான். "பள்ளிக்கூடமே இல்லையே அக்கா, பிறகென்ன விடுதலை?" என்றான். அக்காவுக்கு மறுமொழி வரவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மாதான் சொன்னார்: "பள்ளிக்கூடம் இருக்கெண்டு நினைச்சுக்கொண்டு பாடு மோனே." அவன் பாடினான். பனையைப் பற்றித் 'தாலவிலாசம்' என்று ஒரு நூலே செய்தவர் புலவர். பனைக்குக் கீழே குந்தியிருந்து அவருடைய பாட்டைப் படித்த மாணவர்கள் நாங்கள்.

இனிக் கூழுக்கு வருகிறேன். ஆடிக்கூழ் இனிப்பு, அரிசிமாவும் பயறும் தேங்காயும் பனங்கட்டியும் சேர்ந்தது. நான் சொல்லப் போவது ஒடியற்கூழ். உறைப்பும் புளிப்பும் உள்ளது. நல்ல காலத்திலே அதற்கு நண்டு, இறால், மீன்தலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் போடுவார்கள். ஒரு பிடி அரிசி, செத்தல் மிளகாய் அரைத்த கூட்டு, பழப்புளி, கடைசியிலே கரைத்த ஒடியல் மா, இறக்க முன் முருங்கையிலை. எங்களுக்கு அது நல்ல காலமில்லை. மீன் கிடைத்த நாளிலே மீன்; கிடைக்காத நாளிலே கருவாட்டுத் தலை; அதுவும் இல்லாத நாளிலே மரவள்ளிக்கிழங்கும் உறைப்பும். பலாக்கொட்டைக்கு அது காலமுமல்ல. ஆனாலும் மைம்மல் பொழுதிலே அந்தப் பானை கொதிக்கிற மணம் கொட்டிலைச் சுற்றி வந்ததென்றால், ஷெல் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது போல இருக்கும். பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திய பிலாவிலே ஊற்றி, ஊதி ஊதிக் குடிப்போம். மூக்கும் கண்ணும் ஓடும். அப்பு மட்டும் "உறைப்புக் காணாது" என்பார். அவர் வாழ்நாள் முழுவதும் அதைச் சொன்னவர்.

பானையிலே கூழ் எவ்வளவு என்பது அக்காவுக்குத் தெரியும். பால்மா வந்த பேணி ஒன்றாலே அளந்துதான் வார்ப்பாள். ஒருநாள் எனக்குக் கணக்குப் போட்டாள்.

"பானையிலை பன்னிரண்டு பேணிக் கூழ். எட்டுப் பேர். ஆளுக்கு எவ்வளவு?"

"ஒண்டரை."

"சரி. அம்மா எவ்வளவு குடிக்கிறா எண்டு இண்டைக்குப் பார்."

பார்த்தேன். அம்மா ஒரு பேணிதான் குடித்தார். மிச்ச அரைப் பேணி எங்கே போனது என்றும் பார்த்தேன். அது தம்பியின் பிலாவுக்குப் போனது. அவன் இரண்டு பேணி குடித்தான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பதின்மூன்று வயதிலே, ஒரு பின்னக் கணக்கின் மூலமாக என் தாயை நான் அறிந்துகொண்டேன்.

நேயர்களே, என் பழைய பேச்சு இந்த இடத்திலேதான் முடியும். இந்த இடத்திலேதான் சபை கைதட்டும். சில தாய்மார் கண்ணைத் துடைப்பார்கள். அதற்குப் பிறகு நான் கொஞ்சம் வரலாறும் சேர்ப்பேன். நம் ஊர்களிலே பாடசாலைக் கட்டடங்கள் வருமுன்னர் திண்ணைகளிலேதான் கல்வி நடந்தது என்பேன்; நல்லூர் ஆறுமுக நாவலரும் திண்ணைப் பள்ளியிலே தொடங்கியவர்தாம், அவரே 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, பிள்ளைகளுக்குப் பாலபாடமும் எழுதித் தந்தார் என்பேன். ஆகவே வீடுதான் முதற் பள்ளிக்கூடம், தாய்தான் முதல் ஆசிரியை என்று முடிப்பேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

இனிப் பிழைக்கு வருகிறேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாத நடுவிலே கொரோனாவுக்காக நாட்டின் பாடசாலைகளை மூடினார்கள். அதே வாரத்திலே அக்கா கண் வைத்தியரிடம் காட்டுவதற்காக ஊரிலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலே எங்கள் வீட்டில் நின்றாள். 20ஆந் திகதி மாலை ஊரடங்குச் சட்டம் வந்தது. இரண்டு நாளிலே திரும்ப இருந்தவள் மே மாதம் முடியுமட்டும் நின்றாள். என் மகள் அப்போது ஐந்தாம் தரம். புலமைப்பரிசில் பரீட்சை வருடம். எனக்குக் கையடக்கத் தொலைபேசியிலே என் மாணவருக்கு வகுப்பு. மகளுக்கு இன்னொரு தொலைபேசியிலே அவளுடைய வகுப்பு. ஆசிரியை அனுப்பும் வினாத்தாள்கள் நாளுக்கு நாலு, ஐந்து என்று வட்ஸ்அப்பிலே வந்து விழும். அச்சடிக்கக் கடை இல்லை. சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்து மகள் எழுதுவாள். எழுதியதை என் மனைவி படமெடுத்து அனுப்புவாள். இரண்டாம் வாரத்திலே மகள் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழத் தொடங்கினாள். கணக்கென்றால் வயிற்றைக் குமட்டுகிறதாம். கணித ஆசிரியன் வீட்டிலே இது!

நான் விளங்கப்படுத்தினேன், பிறகு சத்தம் போட்டேன். இரண்டுக்கும் ஒரே பலன்தான். அக்கா ஒருநாள் முழுக்கப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையிலே தொலைபேசியை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தாள். "மருமகள், குசினிக்கு வாங்கோ. எனக்கு ஒரு ஆள் தேவை" என்றாள்.

அக்கா ஊரிலிருந்து வரும்போது ஒரு பை நிறைய ஒடியல் மாவும் பனங்கட்டியும் கொண்டுவந்திருந்தாள். மாவை ஊறவைத்தார்கள், தண்ணீரைச் சரித்து ஊற்றினார்கள். எத்தனை சுண்டு அரிசி ஒரு கொத்து, எத்தனை தேங்காய்ப் பாதி ஒரு சொதிக்கு, மாவும் தேங்காய்ப்பூவும் என்ன விகிதத்திலே சேர்ந்தால் புட்டு உதிரும், எதிலே கூடினால் கட்டிபடும் என்று அந்தக் குசினியிலிருந்து சத்தம் வந்துகொண்டேயிருந்தது. நான் முன்னறையிலே என் வகுப்பை நடத்திக்கொண்டு ஒரு காதை அங்கே வைத்திருந்தேன். நாலாம் நாள் மகள் புட்டுக்கு இரண்டாந்தரம் கேட்டாள். ஐந்தாம் நாள் தானாகவே கொப்பியை எடுத்துக்கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்திலே இருந்தாள்.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு ஒருநாள் அக்கா கூழ் காய்ச்சினாள். மீன் வண்டி வரவில்லை. ரின் மீனைத்தான் போட்டாள். ரின் மீன் கூழா என்று யாழ்ப்பாணத்து நேயர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. கருவாட்டுத் தலைக் கூழ் குடித்தவனுக்கு அது தேவாமிர்தம். பிலா கோலப் பலாவிலை இல்லை. எவர்சில்வர்ப் பேணியிலே வார்த்தோம். குடித்துக்கொண்டே நான் மகளுக்கு அந்தப் பழைய கணக்கைச் சொல்லத் தொடங்கினேன். பன்னிரண்டு பேணி, எட்டுப் பேர். அவளும் "ஒன்றரை" என்றாள். "ஆனால் உன் அப்பம்மா ஒன்றுதான் குடிப்பார். மிச்ச அரை எங்கே?" என்று நான் வழக்கம்போல் நிறுத்தினேன்.

"சித்தப்பாவுக்கு. அவர் இரண்டு பேணி. நீங்கள் முதலும் சொல்லியிருக்கிறீங்கள்" என்றாள். பிறகு விரலை மடித்தாள். "அப்ப நீங்கள் எவ்வளவு குடிச்சீங்கள்?"

நான் யோசித்தேன். எனக்கும் இரண்டு பேணிதான். வளருகிற பெடியன் என்று அக்கா எனக்கு எப்போதும் நிரப்பி ஊற்றுவாள்.

மகள் கொப்பியைத் திறந்து எழுதினாள். அப்பா, அப்பு, ஆச்சி, பெரியம்மா நாலு பேருக்கும் ஒன்றரைப்படி ஆறு. அம்மாவுக்கு ஒன்று, ஏழு. தம்பிக்கு இரண்டு, ஒன்பது. எனக்கு இரண்டு, பதினொன்று. பென்சிலை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

"அப்ப மாமிக்கும் ஒண்டுதான்."

அக்கா அடுப்பை நிறுத்தப் போனாள். நிறுத்தியிருந்த அடுப்புத்தான்.

இருபத்தைந்து வருடமாக நான் மேடையிலே கேட்ட கேள்வி அரைப் பேணியைப் பற்றியது. காணாமற் போனது இரண்டு அரைப் பேணி. ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துக் கைதட்டு வாங்கியவன், மற்றதை என் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தேன். கணக்கைப் போட்டவளே அந்த அரையை விட்டுக்கொடுத்தவள். அம்மாவைப் பார் என்றாளே தவிர, தன்னைப் பார் என்று அவள் சொல்லவில்லை.

அன்றிரவு பால்கனியிலே இருந்தோம். காலி வீதியிலே ஒரு வாகனம் இல்லை. அந்தக் காலத்திலே கொழும்பிலும் கடல் இரையும் சத்தம் வீட்டுக்குள்ளே கேட்டது. அக்காதான் பேச்சைத் தொடங்கினாள். ஒரு வருடத்துக்கு முன்னே நான் பேசிய பரிசளிப்பு விழா ஒன்றுக்கு அவளும் வந்திருந்தாள். முன் வரிசையிலே இருந்து கேட்டவள்.

"தம்பி, நீ குசினியிலை படிச்சதை எல்லாருக்கும் சொல்லுறாய். வடிவாய்த்தான் சொல்லுறாய். நான் படிக்காமல் விட்டதை மட்டும் ஒருநாளும் சொல்லேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. சொதிக்கு உப்புக் குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னாள். ஆகவே அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

1996ஆம் ஆண்டு சித்திரைக்குப் பிறகு நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பினோம். வீட்டிலே கூரை ஓடும் இல்லை, கதவும் இல்லை. பள்ளிக்கூடங்கள் திறந்தன. எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். இரண்டு பேர் படிக்கவேண்டும்; என் பள்ளிக்கூடம் ஒரு திக்கு, அக்காவின் பள்ளிக்கூடம் மறு திக்கு. அம்மாவுக்குத் தொய்வு பிடித்திருந்தது; புகையிலே நிற்க முடியாது. அப்பாவுக்கு வேலை இல்லை. ஒருநாள் காலையிலே அம்மா சொன்னார்: "பெடியன் முதல் போகட்டும். பிள்ளை, நீ அடுத்த வருசம் போ." அதுதான் முழு விசாரணையும் தீர்ப்பும். ஒருவரும் அக்காவைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பாடசாலையும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அடுத்த வருடம் வந்தபோது அவள் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருக்க வேண்டியிருந்தது; கூச்சப்பட்டாள்; அம்மாவின் தொய்வும் மாறவில்லை. அதற்கடுத்த வருடமும் அடுத்த வருடம்தான். 1999இல் அவளுக்குக் கலியாணம் பேசினார்கள்.

அந்த முதல் நாள் காலையிலே நான் சைக்கிளிலே ஏறினேன். வாசலிலே நின்று அக்கா என் சாப்பாட்டுப் பார்சலை நீட்டினாள். வாங்கிக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்ததாக ஞாபகமில்லை. பதின்மூன்று வயதுப் பெடியன் என்ன செய்வான் என்று நீங்கள் கேட்கலாம். பதின்மூன்று வயதிலே அல்ல, பதினெட்டிலும் இருபத்தைந்திலும் முப்பத்தைந்திலும் நான் அதைக் கேட்கவில்லை என்பதுதான் என் சங்கடம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி மேடையிலே பெருமையாகப் பேசினேன் அல்லவா? அந்தத் திண்ணைகளிலே பொதுவாக ஆண்பிள்ளைகள்தான் இருந்தார்கள். பெண்பிள்ளை குசினியிலே நின்றாள். திண்ணைக்கும் குசினிக்கும் நடுவே இருந்தது ஒரு கதவுநிலைதான். 1824இலேயே அமெரிக்க மிஷனார் உடுவிலிலே பெண்களுக்கென்று ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார்கள். 1913இலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திலே இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார். அந்தக் கதவுநிலையைத் தாண்டுவிக்க இத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள். 1945இலே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஐந்து வயது முதல் பதினான்கு வரை பாடசாலைக்குப் போவது கட்டாயம் என்ற ஒழுங்குவிதி 1997இலே வந்தது. அந்த எல்லை 2016இலே பதினாறாக உயர்ந்தது. இத்தனைக்கும் நடுவிலே, எங்கள் வீட்டிலே, ஒரு சைக்கிள் போதாமற் போய்விட்டது.

வீட்டுக் கல்வியை நான் குறைத்துப் பேச வரவில்லை. அந்தக் குசினி இல்லையென்றால் நான் இல்லை. என் மகளும் அந்த வருடம் ஒக்டோபர் 11ஆந் திகதி புலமைப்பரிசில் பரீட்சையைப் பயமில்லாமல் எழுதினாள் என்றால் அதற்கும் ஒரு குசினிதான் காரணம். எத்தனை புள்ளி என்று கேளாதீர்கள். வீட்டிலே நாங்கள் அதைப் பேசுவதில்லை என்று அக்கா கட்டளை போட்டிருக்கிறாள். நான் சொல்வது வேறு. அடுப்படியிலே பிள்ளைகளை இருத்திப் படிப்பிக்கிற ஒவ்வொரு வீட்டிலும், அந்த அடுப்பை எரிக்கிறவர் எவர், அவருடைய கொப்பி எங்கே என்று ஒருவராவது எழுந்து பார்க்கவேண்டும். எங்கள் வீட்டிலே அந்தக் கொப்பி மீசாலைக்குப் பானைக்குள்ளே போய், பானைக்குள்ளேயே திரும்பி வந்தது.

மே மாதக் கடைசியிலே ஊரடங்கு தளர்ந்து அக்கா ஊருக்குப் புறப்பட்டபோது, மகள் தன்னுடைய பழைய கணிதப் புத்தகங்களைக் கட்டி அவளுடைய பைக்குள்ளே வைத்தாள். "இது எனக்கு லேசு பிள்ளை" என்று அக்கா அவற்றை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சாதாரண தரப் பழைய வினாத்தாள் இருந்தால் தா" என்றாள். என்னிடம் பத்து வருடத்து வினாத்தாள்கள் இருந்தன. எல்லாவற்றையும் கொண்டுபோனாள். ஒடியல் மா வந்த பையிலேதான்.

வெளிவாரிப் பரீட்சார்த்தியாக எந்த வயதிலும் அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன். "கணக்குச் செய்து பாக்கப் பரீட்சை வேணுமோ?" என்றாள். ஆனால் இரண்டு கிழமையிலே முதலாவது விடைத்தாள் வட்ஸ்அப்பிலே படமாக வந்தது. படத்தின் ஓரத்திலே நீத்துப்பெட்டியின் விளிம்பு தெரிந்தது. திருத்தினேன். நல்ல புள்ளி, என் வகுப்பிலே பாதிப் பேருக்கு அது வராது. ஒரு கணக்குக்கு மட்டும் இரண்டு புள்ளி வெட்டினேன். விடை சரி, செய்கை எழுதப்படவில்லை. கணித ஆசிரியர் எவரும் அப்படித்தான் வெட்டுவார்.

அன்று இரவே தொலைபேசி அடித்தது.

"விடை சரிதானே? பிறகேன் வெட்டினனி?"

"செய்கையைக் காட்டேல்லை அக்கா. வழி எழுதினால்தான் முழுப் புள்ளி."

"எனக்கு அதெல்லாம் மனசிலை ஓடும். கூழ் கிண்டிக்கொண்டு கணக்குச் செய்த கை இது. அதிலை பென்சில் இருக்கேல்லை."

இரண்டு புள்ளியையும் நான் இன்னும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.